திருத்தப்பட்ட சொற்கள்: அமெரிக்க விடுதலைக்காலத் தலைவர்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும்

முன்னுரை

மொழி வரலாற்றை எழுதுவோர் பெரிதும் அச்சேறிய நூல்களையே சான்றாகக் கொள்கின்றனர். அச்சுக்குச் செல்லும் எழுத்து பலமுறை திருத்தம் பெற்றது. அன்றாடத் தேவை கருதி எழுதப்பட்ட கடிதமும் நாட்குறிப்பும் அத்திருத்தத்திற்கு முந்தியவை. பேச்சின் சாயல் அவற்றில் மிகுதியாகப் பதிந்திருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் விடுதலைக்கும் அரசமைப்புக்கும் காரணமாயிருந்த தலைவர்களின் தாள்கள் இவ்வகையில் வளமானவை. அவற்றின் மொழி, பதிப்பாசிரியரிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும் எவ்வாறு மாறக்கூடும் என்பதையும், அம்மாற்றத்தால் வரலாறு எதனை இழக்கிறது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தரவுகளின் பரப்பு

தாமஸ் ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ 19,000 எனக் கணக்கிடுவர். 1785 முதல் படியெடுக்கும் அச்சுப்பொறியையும், 1804 முதல் இரு பேனாக்கள் ஒருங்கே இயங்கும் எழுதுகருவியையும் பயன்படுத்தியதால், அனுப்பிய கடிதங்களின் படிகளும் அவரிடமே தங்கின. ஜான் ஆடம்சும் அவர் மனைவி அபிகேலும் 1762 முதல் 1801 வரை ஒருவருக்கொருவர் எழுதியவற்றுள் 1,100க்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. ஜார்ஜ் வாஷிங்டன் 1748இல் தம் பதினாறாம் வயதில், நில அளவைப் பயணத்தின்போது நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். இறுதிப் பதிவு 1799 டிசம்பர் 13ஆம் நாளுக்குரியது. மறுநாள் அவர் காலமானார்.

எனினும் இத்தரவுகள் முழுமையானவை அல்ல. வாஷிங்டனுக்கும் மனைவி மார்த்தாவுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தில் மிகச் சிலவே எஞ்சின. ஏனையவற்றை மார்த்தாவே எரித்துவிட்டார் என்பர். ஆகவே, இன்று கிடைப்பது எழுதப்பட்டதன் ஒரு பகுதியே என்னும் தெளிவோடு ஆய்வைத் தொடங்க வேண்டும்.

மூலமும் பதிப்பும்

வாஷிங்டனின் எழுத்துகளை ஜாரெட் ஸ்பார்க்ஸ் 1834 முதல் 1837 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். தேசத்தந்தையின் நடை பெருமிதம் குன்றாது அமைய வேண்டும் என்னும் கருத்தில் எழுத்துப்பிழைகளோடு சொற்களையும் அவர் மாற்றினார். ஜோசப் ரீடுக்கு எழுதிய கடிதங்களில் படைத்தலைவர் புட்னமை வாஷிங்டன் 'ஓல்ட் புட்' என்று உரிமையோடு சுட்டுகிறார். பதிப்பில் அது 'ஜெனரல் புட்னம்' ஆயிற்று. போதாத ஒரு தொகையைத் தெள்ளுப்பூச்சிக் கடிக்கு ஒப்பிட்ட தொடர், 'தேவைக்கு முற்றிலும் போதாதது' என்னும் பொருள்பட மாற்றப்பட்டது. ரீடின் பேரர் 1847இல் மூலக் கடிதங்களை அச்சிட்டபோது இவ்வேறுபாடுகள் வெளிப்பட்டன. வாஷிங்டனே தம் இளமைக்காலக் கடிதப் படிகளைப் பிற்காலத்தில் திருத்தியவர் என்பது ஸ்பார்க்ஸ் தரப்பு விளக்கம். அது உண்மையே. ஆயினும் ஆசிரியர் தாமே செய்யும் திருத்தம் வேறு. அவர் மறைவுக்குப்பின் பிறர் செய்யும் திருத்தம் வேறு.

இதனால் மொழிபெயர்ப்பாளர் அடையும் இழப்பு பெரிது. மூலத்தைக் காண்பவர் 'யானைப் பசிக்குச் சோளப்பொரி' போன்ற ஒரு வழக்கைத் தேடுவார். ஸ்பார்க்சின் பதிப்பைக் காண்பவருக்கு அத்தேவையே எழாது.

அபிகேல் ஆடம்சின் கடிதங்களும் இதற்கு விலக்கல்ல. பள்ளிக் கல்வி பெறாத அவர் பல சொற்களை மரபுக்கு மாறாக எழுதினார். பேரர் 1840இல் வெளியிட்ட பதிப்பில் அவை சீர்செய்யப்பட்டன. 1963இல் தொடங்கிய ஆடம்ஸ் குடும்பக் கடிதப் பதிப்பே மூல எழுத்துமுறையைப் பேணியது. ஜெஃபர்சனோ நன்கு கற்றவர்; அவரும் தொடர்களைச் சிற்றெழுத்தில் தொடங்கினார். எழுத்துமுறை இன்னும் நிலைபெறாத காலத்தின் நெகிழ்ச்சியாக இதனைக் கொள்வதே பொருந்தும்.

ஒலியும் புதுச்சொல்லும்

பெஞ்சமின் பிராங்க்ளின் 1768இல் ஓர் ஒலியெழுத்து முறையை வகுத்தார். ஆங்கிலத்தின் ஆறு எழுத்துகளை நீக்கி, ஆறு புதிய எழுத்துகளைச் சேர்த்தார். இலண்டனில் அவர் தங்கியிருந்த வீட்டுக்காரரின் மகள் மேரி ஸ்டீவன்சனுடன் அவ்வெழுத்திலேயே கடிதம் பரிமாறினார். சொற்களின் வேர்வரலாறு மறைந்துவிடும் என்று மேரி அவ்வெழுத்தைக் கொண்டே மறுத்தெழுதினார். அம்முறை வழக்குக்கு வரவில்லை. ஆனால் கற்றோர் பேச்சொலி குறித்த அரியதொரு சான்றாக அக்கடிதங்கள் நிலைத்தன.

எழுத்தில் புதுமை விழைந்த பிராங்க்ளின் சொல்லில் மரபையே விரும்பினார். 1789 டிசம்பரில் நோவா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், 'நோட்டீஸ்', 'அட்வகேட்', 'ப்ராக்ரஸ்' ஆகிய பெயர்ச்சொற்கள் வினைகளாக வழங்குவதைக் கண்டித்தார். அம்மூன்றும் இன்று இயல்பான வினைகள். ஜெஃபர்சனோ 1813இல் ஜான் வால்டோவுக்கு எழுதிய கடிதத்தில், புதிய நிலத்துக்கும் புதிய வாழ்வுக்கும் புதிய சொற்கள் வேண்டும் என வாதிட்டார்.

நாட்குறிப்பின் தொடரமைப்பு

வாஷிங்டனின் நாட்குறிப்பில் வானிலை, விருந்தினர், உணவு, பயணம் ஆகியவை எழுவாயற்ற குறுந்தொடர்களாக இடம்பெறுகின்றன. எழுவாய் இன்றியமையாத ஆங்கிலத்தில் இது ஒரு தனி நடை. தமிழ் வினைமுற்று 'உண்டேன்', 'சென்றேன்' எனத் தன்மை இடத்தைத் தானே காட்டிவிடுவதால் அந்நடையின் சுருக்கம் மொழிபெயர்ப்பில் புலப்படாது. 'பகலுணவு வீட்டில்' என வினை ஒழித்த தொடராக்கினால் மூலத்தின் இறுக்கத்தை ஓரளவு காக்கலாம்.

'சர்வன்ட்' என்னும் சொல்

இக்கடிதங்களில் மிகுந்த கவனம் வேண்டும் சொல் 'சர்வன்ட்' ஆகும். 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள பணியாள்' என முடிப்பது அக்காலக் கடித மரபு. 1804இல் ஆரன் பர்ரும் அலெக்சாண்டர் ஹாமில்டனும் துப்பாக்கிச் சண்டைக்கு இட்டுச்சென்ற கடிதங்களைக்கூட இவ்வாறே முடித்தனர். இங்கு அச்சொல்லுக்கு அகராதிப்பொருள் இல்லை; முடிவுக்குறியாகவே நிற்கிறது.

அதே சொல் வேறிடத்தில் வேறு பணி செய்கிறது. 1796 மே மாதம், அடிமைப்படுத்தப்பட்ட ஓனி ஜட்ஜ் என்னும் இளம்பெண் பிலடெல்பியாவில் குடியரசுத் தலைவர் இல்லத்திலிருந்து தப்பிச் சென்றார். அவரை மீட்பது பற்றிக் கருவூலச் செயலர் ஆலிவர் வால்காட்டுக்கு எழுதிய கடிதத்தில், அப்பெண் 'சர்வன்ட்' போலன்றிக் குழந்தைபோல் வளர்க்கப்பட்டவள் என்று வாஷிங்டன் குறைப்பட்டுக்கொள்கிறார். ஓனி திரும்பவில்லை, 1848இல் இறக்கும்வரை சட்டப்படி விடுதலையும் பெறவில்லை. 1787இல் வரையப்பட்ட அரசமைப்பும் அடிமை என்னும் சொல்லைத் தவிர்த்தது. 1865ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தமே அடிமைமுறையைப் பெயர் சொல்லிக் குறித்தது. ஆனால் சொத்தைப் பகிரும்போது மறைப்புக்கு இடமில்லை. 1799 ஜூனில் மவுண்ட் வெர்னனில் இருந்த 317 பேரை வாஷிங்டன் பட்டியலிட்டார். ஜூலையில் எழுதிய விருப்பாவணத்தில், தமக்கு உரியோரை 'ஸ்லேவ்ஸ்' என்றே சுட்டி விடுதலைக்கு வழிசெய்தார்.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் பர்ரை 'அடியேன்' என்றும் ஓனியைப் 'பணிப்பெண்' என்றும் எழுதக்கூடும். உண்மை தலைகீழாகும். முன்னது 'தங்கள் உண்மையுள்ள' என்னும் நம் கடித மரபுக்குள் அடங்கும். பின்னதில் 'பணியாள்' என்னும் சொல்லை மேற்கோள் குறியுடன் காத்து, அது அடிமையைக் குறிப்பதை அடிக்குறிப்பில் கூறுதல் வேண்டும். 'அடிமை' என்றே மாற்றிவிட்டால் வாஷிங்டன் சொல்லத் தயங்கியது மறைந்துவிடும். குறிப்பின்றி விட்டால் ஓனியின் நிலை மறைந்துவிடும்.

முடிவுரை

ஸ்பார்க்ஸ் பெருமிதம் கருதித் திருத்தினார். மொழிபெயர்ப்பாளர் தெளிவு கருதித் திருத்தக்கூடும். நோக்கம் எதுவாயினும் அழிவது சான்றே. இத்தகைய தாள்களைத் தமிழாக்குவோர் மூலப்படியைப் பேணும் பதிப்பைத் தேர்தல், மரபுத்தொடரையும் பொருளுடைச் சொல்லையும் பிரித்தறிதல், இடக்கரடக்கலை அடையாளங்காட்டுதல் ஆகிய மூன்றையும் கடைப்பிடிப்பது நன்று.