வெள்ளை ஓடு

கேக்கின் மேல் பூசும் ராயல் ஐசிங் கல்லாக இறுகிவிடுகிறது என்று குறைபட்டுக்கொள்கிறோம். ஆனால் அந்த இறுக்கம் ஒரு காலத்தில் கேட்டு வாங்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சர்க்கரையையும் முட்டை வெள்ளையையும் பன்னீர் விட்டுக் குழைத்து, வெந்த கேக்கின் மேல் இறகால் தடவி, மறுபடியும் அடுப்புச் சூட்டில் வைத்தார்கள். மெல்லிய பூச்சு சட்டென்று காய்ந்து பனிக்கட்டிபோல மினுங்கியது. அன்று விரும்பப்பட்டது அந்த மினுக்கம்தான். 1769இல் எலிசபெத் ராஃபால்ட் தம் சமையல் நூலில் மணமகள் கேக்குக்குச் சொன்ன முறையில் ஆசை இடம் மாறியிருக்கிறது. 2 பவுண்டு சர்க்கரையோடு 2 அவுன்ஸ் ஸ்டார்ச் சேர்த்து மெல்லிய துணிச் சல்லடையில் சலிக்க வேண்டும். 5 முட்டையின் வெள்ளையைப் பியூட்டர் தட்டில் கத்தியால் அரை மணி நேரம் அடித்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தபின் இன்னும் அரை மணி நேரம் அடிக்க வேண்டும். சர்க்கரையை மொத்தமாகக் கொட்டினால் முட்டை அமுங்கி நிறமும் கெடும் என்று எச்சரிக்கிறார். கை ஓய அடிப்பது பளபளப்புக்காக அல்ல. காற்று ஏறினால் பூச்சு மினுக்கம் குறைந்து, கனத்து, வெளுக்கும். அதைப் பாதாம் பூச்சின் மேல் கத்தியால் சமமாகப் பரப்பலாம்.

இறுகுவது சர்க்கரையின் குணம், அதில் மனிதர் விருப்பத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பாதி உண்மை. மறுபாதி கிளிசரினில் இருக்கிறது: ஒரு பவுண்டு ஐசிங் சர்க்கரைக்கு ஒரு தேக்கரண்டி விட்டால் போதும், கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். அப்படியிருந்தும் மேல் அடுக்குகளைச் சுமக்கும் கீழடுக்குக்கு அதைக் குறைக்கிறார்கள். பூவேலைக்குச் சேர்ப்பதே இல்லை. கீழடுக்கைப் பொறுத்தவரை சுமைதான் காரணம். 1840இல் விக்டோரியா அரசியின் திருமணக் கேக் சுமார் 300 பவுண்டு எடை, 9 அடி சுற்றளவு. ஆனாலும் அது ஒற்றைத் தட்டைக் கேக், மேலே சர்க்கரைப் பொம்மைகள். 1858இல் அவர் மூத்த மகளின் கேக் உயர்ந்து நின்றது, ஆனால் அடித்தட்டு மட்டுமே கேக், மேலே இருந்ததெல்லாம் வெறும் சர்க்கரை. 1882இல் அரசியின் மகன் இளவரசர் லியோபோல்டின் திருமணத்தில்தான் எல்லா அடுக்குகளும் கேக்காகவே அமைந்தன. பழக்கேக்கின் மேல் பழக்கேக் நிற்க வேண்டுமானால், பூச்சு ஓடாக மாறியே தீர வேண்டும்.

வெண்மை மணமகளின் தூய்மைக்கு அடையாளம் என்ற விளக்கமும் உண்டு. எனக்கு அது பின்னால் ஒட்டவைத்ததாகவே படுகிறது. நன்றாகச் சுத்திகரித்த சர்க்கரை விலை கூடியது. வெளுப்பு முதலில் வீட்டாரின் பணப்பையைத்தான் காட்டியது. 1940இல் போர்க்காலப் பிரிட்டன் கேக்கின் மேல் சர்க்கரை பூசுவதையே தடை செய்தது. ஜனங்கள் சிறிய கேக் ஒன்றைச் செய்து, அதன் மேல் அடுக்கடுக்கான வெள்ளை அட்டைக் கூட்டைக் கவிழ்த்தார்கள். பேக்கரிகள் அந்தக் கூட்டை வாடகைக்கு விட்டன. படம் எடுத்து முடிந்ததும் அது அடுத்த கல்யாணத்துக்குப் போனது.