நானா ஊரில் இல்லாத நேரம்

2016 மே மாதம் களனி கங்கை பெருகியதை கொலன்னாவையில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டோம். எங்கள் வீட்டில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், உம்மாவின் நகை எல்லாம் அலுமாரிக்கு மேலே ஏறின. நானாவின் அறையில் தரையோடு இருந்த சின்னக் கறுப்புப் பெட்டியை யாரும் நினைக்கவில்லை. அதுதான் அவர் வைத்திருந்த சேர்வர். குடும்பப் படங்களும் மௌத்தான வாப்பாவின் குரல்பதிவுகளும் அதில்தான். நானாவோ கட்டாரில். தண்ணீர் வாசற்படி தாண்டிய பிறகு கோல் எடுத்து, "எந்த வயரை முதலில் கழற்றுவது?" என்று கேட்டேன். பெட்டி தப்பியது. கட்டிலுக்கடியில் இருந்த பேக்கப் டிஸ்க் நனைந்துபோனது. அப்படி ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

தமிழ் நூல்களின் வரலாறும் இதே பாடத்தைச் சொல்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. வேறு பிரதி இல்லாத சுவடிகளும் அவற்றில் இருந்தன. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வசித்த கல்யாணசுந்தரம் தலைமையில் மதுரைத் திட்டம் ஆரம்பமானது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். யாரும் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதால் பிரதிகள் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 2005இல் இலங்கை நூல்களுக்காக 'நூலகம்' தொடங்கியது. சிலரின் முயற்சியாக ஆரம்பித்தது பிறகு நிறுவனமானது. ஆரம்பித்தவர் விலகினாலும் வேலை நிற்காதிருக்க அதுவே வழி.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2009 ஒக்டோபரில் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியது. உயிரோடு இல்லாதவர்களால் தங்கள் பக்கங்களை எடுத்துவைக்க முடியவில்லை.

பிரதியும் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

அடுத்த லீவில் நானா வந்தபோது ஒரே தாளில் எழுதவைத்தோம்: எப்படி நிறுத்துவது, எந்த வயர், இரண்டாவது டிஸ்க் யார் வீட்டில், எந்தக் கட்டணம் எந்த மாதம், பழுதானால் யாரைக் கேட்பது. பாஸ்வேர்ட் மட்டும் ஒட்டிய கடித உறையில். இரண்டும் காணி உறுதியோடு இருக்கின்றன. பிறகு நானா கையைக் கட்டிக்கொண்டு உட்கார, உம்மா தாளைப் பார்த்துத் தானே நிறுத்தி, திரும்பப் போட்டார். இரண்டு இடத்தில் தடுமாறினார். அந்த இரண்டு வரியையும் திருத்தி எழுதினோம்.

முடிவில் உம்மா கேட்டது: "நீ இல்லாட்டியும் வாப்பாட குரல் கேக்குமா மகன்?"

"கேக்கும் உம்மா."

வருகிற போயா விடுமுறையில் உங்கள் வீட்டிலும் அந்தத் தாளை எழுதி, வீட்டாரைக் கொண்டே ஒருமுறை செய்து பாருங்கள்.