யாழ்ப்பாணத்துக் காலைக் கிரகணம்

1871ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. பிரசோற்பத்தி வருஷத்துக் கார்த்திகை, மாரிகாலம். கதிரவன் கீழ்வானை விட்டெழுந்து நெடுநேரமாகுமுன் சந்திரனின் நிழல் யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கடந்து சென்றது. அன்று காலை ஒரு மழைமுகில் குறுக்கிட்டிருப்பின், பல்லாயிரம் மைல் கடந்து வந்தோரின் முயற்சி வீணாயிருக்கும்.

வந்தோர் ஆங்கிலேய வானநூலார். நோர்மன் லொக்கியர் தலைமையிற் காலித் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து பிரிந்தனர். லொக்கியர் இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள பேக்கல் கோட்டைக்குச் சென்றார். வேறு சிலர் யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் வந்தனர்.

கிரகணம் பற்றும் நாழிகையை நம் பஞ்சாங்கம் கணிப்போரும் அறிவர். அவர்களுக்கு அது ஸ்நானத்துக்கும் தர்ப்பணத்துக்கும் உரிய புண்ணியகாலம். ஆங்கிலேயரோ அதே நாழிகைக்காகக் கருவிகளைத் திருத்தி நின்றனர். அவர்களை வருத்திய ஐயம் இது: முழுக் கிரகணத்திலே கருவட்டத்தைச் சூழ்ந்து முத்துப்போல் ஒளிரும் வளையம் சூரியனுக்கே உரியதா, அன்றி நமது காற்றுமண்டலம் விளைக்கும் தோற்றமா? காற்றின் விளைவெனில் இடத்துக்கிடம் அதன் உருவம் வேறுபடவேண்டும். ஆதலாற் பேக்கலிலும் யாழ்ப்பாணத்திலும் ஒளிப்படம் பிடித்தனர். கிடைத்த காலம் ஏறத்தாழ இரண்டே நிமிஷம்! அக்காலத்து ஈரத்தகட்டு முறையில் அது மிகச் சொற்பமே.

300 மைலுக்கு மேல் இடைவெளியுள்ள ஈரிடத்துப் படங்களும் ஒத்திருந்தன. வளையம் சூரியனுடையதே என்பது உறுதிப்பட்டது. அதே காலையில் நீலகிரிச் சோலூரில் நின்ற பிரெஞ்சு அறிஞர் ஜான்சன், வளையத்தின் நிறமாலையிற் சூரிய ஒளிக்குரிய கருங்கோடுகளைக் கண்டு, சூரியனைச் சூழ்ந்த பொருளொன்று அதன் ஒளியைச் சிதறச் செய்கிறதெனக் கொண்டார்.