முதுகுன்றத்தில் மூன்று கிழவர்கள்

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியபோது எங்கள் மூவர் வயதையும் கூட்டினால் 210. மூவரும் பென்ஷன்காரர்கள். "விருத்தம் என்றால் கிழம்; அசலம் என்றால் மலை. கிழவர்கள் வந்து சேரவேண்டிய ஊர்தான்!" என்றார் என்ஜினீயர் நண்பர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து தம்மைத் தாமே கேலி செய்துகொள்வது அவருக்கு வழக்கமாகிவிட்டது. சிரிப்பவர்கள் நாங்கள்தான், அவர் சிரிப்பதில்லை.

தேவாரம் இவ்வூரைத் திருமுதுகுன்றம் என்கிறது. பெயரில்தான் குன்று, கண்ணுக்கு மலை எதுவும் தென்படாது. பழமலைநாதர் கோயிலில் வன்னி மரம் ஒன்று உண்டு. விபசித்து முனிவர் திருப்பணி செய்வித்தபோது அதன் இலைகளையே கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் உழைத்த அளவுக்கு இலை பொன்னாயிற்றாம். "நமக்குக் கொடுத்தால் இலை இலையாகவேதான் இருக்கும்" என்றார் நண்பர்.

புராணத்தை விட்டுச் சரித்திரத்துக்கு வந்தேன். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குச் செம்பியன் மாதேவியைத் தெரியாமல் இராது. அவர் கணவர் கண்டராதித்த சோழர் 957-ஐ ஒட்டி மறைந்தார். அந்தக் காலத்து அரசகுலப் பெண்ணுக்கு அதோடு எல்லாம் முடிந்தது என்றுதானே நினைப்போம்? ஆனால் 1001 வரையில் அவர் வாழ்ந்ததற்குக் கல்வெட்டுச் சான்று இருக்கிறது. அரிஞ்சயர், சுந்தர சோழர், சொந்த மகன் உத்தம சோழர், பிறகு ராஜராஜர் என்று ஆட்சிகள் மாறின. அம்மையாரின் வேலை மாறவில்லை. செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கிக்கொண்டே போனார். கோனேரிராஜபுரத்தில் எழுப்பிய கோயிலைக் கணவர் பெயரால் கட்டி, அவர் பூஜை செய்வதுபோல் சிற்பமும் செதுக்க வைத்தார். விருத்தாசலத்திலும் அண்ணாந்து பார்க்கவைக்கும் கோபுரங்கள் பிற்காலத்தவை. கருவறையைச் சேர்ந்த பழைய கற்றளி அவர் எடுப்பித்தது.

"அப்படியானால் அந்த அம்மாளின் உத்தியோகமே அதற்கப்புறந்தான் ஆரம்பித்தது என்று சொல்லும்" என்றார் நண்பர். அதன் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

கடைவீதிக்கு வந்தோம். பூக்கடை, பாத்திரக்கடை, பஸ்களின் ஓயாத ஹாரன். பீங்கானுக்குப் பேர்போன ஊராயிற்றே! ஒரு கடை நிறைய அகல்களும் பொம்மைகளும் பளபளத்தன. நண்பர் ஒரு பிள்ளையாரை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

"உள்ளே கூடாக இருக்கிறதே, எப்படி?"

"களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவோம், ஐயா. அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் மண் கெட்டியாகப் பிடித்ததும் மிச்சக் கூழைக் கொட்டிவிடுவோம். அப்புறம் காயவைத்து, பளபளப்புக்கு மேல்பூச்சுக் கொடுத்துச் சூளையில் சுடுவது."

"எத்தனை டிகிரி? அச்சு எத்தனை நாள் உழைக்கும்? பட்டறை எங்கே?" என்று அடுக்கினார் நண்பர். இரண்டு வருஷமாக நாங்கள் கேட்டறியாத குரல் அது.

பட்டறைக்குப் போனோம். சாயங்கால ரயில் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. போகட்டுமே! மறுநாள் எங்களுக்கு ஆபீஸா, என்ன?