கறுப்பு நூல் மேல வந்த கம்ப்ளெயிண்ட்

போன மாசம் ஃப்ரெண்ட் ஒருத்தி போன் பண்ணா. ஏப்ரல்ல ஆபீஸ் வேலையா பாரிஸ் போறா. அங்க அப்போ வசந்த காலம், எல்லாரும் வெளிர் கலர்ல அழகா சுத்துவாங்க. "என்கிட்ட ஒரு லாவண்டர் சட்டை இருக்கு. அதுக்கு எந்தக் கலர் சேர்த்தா டீசன்ட்டா இருக்கும்?" இதுதான் கேள்வி. கோடு எழுதுற என்கிட்ட போய் இதைக் கேட்டா! ஆனாலும் உட்கார்ந்து தேடினேன். தேடினதுல சிக்கினவர் ஃபேஷன் டிசைனர் இல்ல, ஒரு கெமிஸ்ட். அவரும் பாரிஸ்காரர்தான்.

பேரு மிஷேல் யூஜின் ஷெவ்ரல். 1786ல பிறந்தவர். கொழுப்பைப் பத்தி ஆராய்ச்சி பண்ணிப் பேர் வாங்கினவர். இன்னிக்கு பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்ல வர்ற 'கொலஸ்ட்ரால்'ங்கற வார்த்தையே அவர் வெச்ச பேர்ல இருந்து வந்ததுதான். 1824ல அவரைக் கோப்லான்ங்கற அரசு நெசவுக்கூடத்துல சாயப் பிரிவுக்குத் தலைமையா போட்டாங்க. அரண்மனைச் சுவர்ல தொங்கவிடற பெரிய சித்திரத் திரைகளை நெய்யற இடம் அது.

அங்க அவர் மேஜைக்கு ஒரு கம்ப்ளெயிண்ட் வந்துச்சு. நீல, ஊதா துணி மடிப்புகளுக்கு நிழல் காட்டறதுக்காக வெச்ச கறுப்பு நூல் சரியில்ல, அழுத்தமே இல்ல, சாயம் மோசம்னு நெசவாளர்கள் சொன்னாங்க. நம்ம பாஷையில சொன்னா, டிக்கெட் ரெய்ஸ் பண்ணிட்டாங்க.

மனுஷன் முறையா டீபக் பண்ணார். முதல்ல தன் கறுப்பையே சந்தேகப்பட்டார். வேற ஊர்ப் பட்டறைகள்ல சாயம் போட்ட கறுப்புக் கம்பளி நூலை வரவழைச்சுப் பக்கத்துல வெச்சுப் பார்த்தார். கோப்லான் கறுப்பு ஒண்ணும் குறைஞ்சதா இல்ல. தனியா பார்த்தா நல்ல கறுப்பு, நீலத்துக்குப் பக்கத்துல போனா மட்டும் சோப்ளாங்கி. அப்போ கோளாறு நூல்ல இல்ல, பக்கத்துல இருக்கற கலர்ல. இன்னும் சரியா சொன்னா, அதைப் பார்க்கற கண்ணுல.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு சிவப்புக் காகிதத்தை அரை நிமிஷம் முறைச்சுப் பார்த்துட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்க. பச்சையா ஒரு நிழல் மிதக்கும். ரெண்டு கலர் பக்கத்துல பக்கத்துல இருக்கும்போதும் கண் இதே மாதிரி ஒரு வேலையைப் பண்ணுது. ஒவ்வொரு கலரும் தன்னோட எதிர்க் கலரைப் பக்கத்து வீட்டு மேல லேசா பூசிவிடும். சிவப்புக்கு எதிர் பச்சை, மஞ்சளுக்கு ஊதா, நீலத்துக்கு ஆரஞ்சு. நீலம் பக்கத்துல இருந்த கறுப்பு மேல ஆரஞ்சுச் சாயல் ஏறி, துரு பிடிச்ச மாதிரி வெளுத்துத் தெரிஞ்சது அதனாலதான். இதை 1828ல அகாடமியில சொன்னார். 1839ல புத்தகமா போட்டார், 700 பக்கத்துக்கு மேல. பாதிக்கு மேல படிக்கறப்போ எனக்குத் தூக்கம் வந்துச்சுன்னு ஒத்துக்கறேன். ஆனா நடுநடுவுல வர்ற கதைகள் இருக்கே!

ஒண்ணு சொல்றேன். துணி வியாபாரிகள் சிலர் சிவப்பு, ஊதா, நீலத் துணிகளைக் கொடுத்து, அது மேல கறுப்பு டிசைன் அச்சடிக்கச் சொன்னாங்க. வேலை முடிஞ்சு வந்ததும் சண்டை. சிவப்புல பச்சையா அடிச்சிருக்கான், ஊதாவுல மஞ்சள் கலந்த பச்சை, நீலத்துல செம்புக் கலர், நாங்க கேட்டது கறுப்புன்னு அச்சுக்காரர் மேல பழி. ஷெவ்ரல் என்ன பண்ணார்? வெள்ளைக் காகிதத்தை வெட்டி, டிசைனை மட்டும் விட்டுட்டுச் சுத்தி இருக்கற துணியை மூடினார். மூணுலயும் அதே கறுப்பு! அடுத்து, சந்தேகமே இல்லாத கறுப்புத் துணித் துண்டுகளை எடுத்து அந்த மூணு கலர் மேலயும் வெச்சார். அதுவும் அச்சு மாதிரியே நிறம் மாறித் தெரிஞ்சுது. ஒரு கத்திரிக்கோலும் காகிதமும் ஒரு தொழிலாளி பேரைக் காப்பாத்திடுச்சு. ப்ரொடக்‌ஷன்ல பிரச்சினைன்னா முதல்ல ஜூனியர் பேரைச் சொல்ற மீட்டிங்ல உட்கார்ந்தவங்களுக்கு இந்தக் கதையோட அருமை புரியும்.

இன்னொண்ணு கடைக்காரங்களுக்கான டிப்ஸ். வாங்க வந்தவருக்கு ஒரே மாதிரி சிவப்புத் துணி 14 வரிசையா காட்டினா, கடைசி ஆறேழு டல்லா தெரியும், கண் களைச்சுப் போனதால. நடுவுல பச்சையைக் காட்டணும்கறார். கல்யாணப் புடவைக் கடையில ஒரு மணி நேரம் அரக்கு கலரா பார்த்துட்டு "எதுவுமே நல்லால்ல"ன்னு எழுந்த அனுபவம் நம்ம வீடுகள்லயும் உண்டுல்ல?

சரி, ஃப்ரெண்டோட சட்டைக்கு வருவோம். வெள்ளையோட சேர்க்கும்போது வெளிர் நீலம் முதல், அடுத்தது ரோஸ்னு வரிசையே போட்டிருக்கார். இன்னிக்கு வசந்த காலத்துக்குன்னு விக்கற ஜோடிகளை எடுத்துக்கோங்க: வெளிர் ரோஸ் கூட சாம்பல் பச்சை, லாவண்டர் கூட வெண்ணெய் மஞ்சள், வான நீலம் கூட பீச். மூணும் அவரோட அதே எதிர் ஜோடிகள்தான், நிறைய வெள்ளை கலந்து சாந்தமாக்கினது. அழுத்தமான சிவப்பும் பச்சையும் சேர்ந்தா சத்தம் போடும். வெளுத்த பிறகு அதே ஜோடி மெதுவா பேசும்.

தொப்பிக்கும் யோசனை சொல்றார். வெள்ளைத் தோல்காரங்களுக்கு வெளிர் பச்சைத் தொப்பி நல்லது, முகத்துக்கு ரோஸ் ஏத்தும். ஊதா வேண்டாம், முகம் மஞ்சளடிக்கும். ஆனா ஃபேஷன் கெமிஸ்ட் பேச்சைக் கேட்குமா? 1856 ஈஸ்டர் லீவுல, லண்டன்ல 18 வயசு வில்லியம் பெர்கின் கொய்னாவுக்கு மாற்று செய்யப் போய், தற்செயலா மாவ்ங்கற ஊதாச் சாயத்தைக் கண்டுபிடிச்சார். ரெண்டு மூணு வருஷத்துல அங்க எங்க பார்த்தாலும் ஊதா. 'பஞ்ச்' பத்திரிகை இதை அம்மைநோய்னு கிண்டல் பண்ணுச்சு.

இங்க எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கு. பத்தாவது படிக்கும்போது தீபாவளிக்கு மஞ்சள் சுடிதார் எடுத்தேன். கூட வந்த சொந்தக்காரங்க ஒருத்தர், "உன் கலருக்கு மஞ்சள் எடுக்காதும்மா"ன்னு கையில இருந்து வாங்கி வெச்சிட்டாங்க. அன்னிக்கு ஒரு பழுப்புக் கலர் எடுத்தேன். அப்புறம் பத்து வருஷம் பழுப்பும் சாம்பலும்தான். அதனால ஷெவ்ரல் கருந்தோல் பத்தி எழுதின பகுதியை நடுங்கிட்டேதான் திறந்தேன். மனுஷங்களை நிறம் பார்த்துப் பிரிச்சு வெச்சிருக்கார், அந்தக் காலத்து வியாதி அவருக்கும் உண்டு. எங்களுக்கு ஒதுக்கின இடமும் ரொம்பக் கொஞ்சம். ஆனா அவர் விதிப்படி கருந்தோலுக்கு முரண்தான் அழகு: ஒண்ணு பளிச்சுனு வெள்ளை, இல்லேன்னா சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். மஞ்சள்! அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன். அந்தச் சொந்தக்காரங்களுக்கு இன்னும் அனுப்பல.

ஃப்ரெண்டும் என் நிறம்தான். லாவண்டர் சட்டை, வெள்ளை பேன்ட், கழுத்துல வெண்ணெய் மஞ்சள் ஸ்கார்ஃப்னு முடிவு பண்ணோம். போறப்போ ஈஃபில் டவரையும் பார்க்கச் சொன்னேன். முதல் தளத்துக்குக் கீழ பொறிச்சிருக்கற 72 பேர்ல ஷெவ்ரலும் ஒருத்தர். டவர் திறந்த 1889லதான் அவரும் இறந்தார், 102 வயசுல. போட்டோ எடுத்து அனுப்பறேன்னு சொல்லியிருக்கா.