பவுல் ஆட்டங்களுக்கு அப்பால்: நோட்டர் டேம் அணியின் சிறப்பாட்டங்களும் தேசியத் தகுதியும்

முன்னுரை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், பருவம் முடிந்தபின் சிறந்து விளங்கிய அணிகளை அழைத்து நடத்தும் போட்டிகளைப் ‘பவுல்’ ஆட்டங்கள் என்பர். ஓர் அணியின் பெருமையைப் பவுல் வெற்றிகளால் அளப்பது பரவலான வழக்கம். இண்டியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகருக்கு அருகில் கத்தோலிக்கத் துறவியர் நிறுவிய நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அணிக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. 1925 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுலில் ஸ்டான்ஃபோர்டை 27-10 என்று வென்ற அவ்வணி, 1970 ஜனவரியில் காட்டன் பவுலில் ஆடும்வரை வேறெந்தப் பவுலிலும் இறங்கவில்லை. பல்கலைக்கழகமே அவற்றைத் தவிர்த்து வந்தது. ஆயினும் அந்த 45 ஆண்டுகளில்தான் நோட்டர் டேம் நாடறிந்த அணியாக நிலைபெற்றது. பருவத்துக்குள்ளேயே பெருநகரத் திடல்களில் அது நடத்திய சிறப்பாட்டங்களே இதற்கு முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நியூயார்க்: ரசிகர்களைத் தேடிச் சென்ற அணி

வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியுடனான போட்டி 1913இல் தொடங்கியது. அவ்வாட்டத்தில் கஸ் டோரே வீசிய பந்துகளை நூட் ராக்னி பிடித்தார். நோட்டர் டேம் 35-13 என்று வென்றது. ராக்னி பயிற்சியாளரான பின், 1923இல் இப்போட்டி நியூயார்க் நகரத் திடல்களுக்கு மாறியது. 1925 முதல் 1946 வரை, 1930 நீங்கலாக, யாங்கி ஸ்டேடியமே அதன் களம்.

இடம் மாறியதன் விளைவை அக்காலச் சமூக நிலையோடு சேர்த்தே அறிய வேண்டும். 1920களில் கத்தோலிக்கக் குடியேறிகளை வெறுத்த கு கிளக்ஸ் கிளான் இயக்கம் இண்டியானாவில் செல்வாக்குடன் இருந்தது. 1924 மே மாதம் சவுத் பெண்டில் கூடிய கிளான் உறுப்பினர்களோடு நோட்டர் டேம் மாணவர்கள் தெருவில் மோதினர். அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று போலோ கிரவுண்ட்ஸ் திடலில் ராணுவ அணியை 13-7 என்று வென்றபோது, நோட்டர் டேமின் பின்வரிசை வீரர் நால்வரை விவிலியத்தின் நான்கு குதிரை வீரர்களாக உருவகித்து எழுதினார் விளையாட்டுச் செய்தியாளர் கிராண்ட்லாண்ட் ரைஸ். அந்தப் பெயர் நாடெங்கும் பரவியது. கல்லூரி வாசலையே மிதித்திராத ஐரிஷ், இத்தாலிய, போலிஷ் தொழிலாளர் குடும்பங்கள் இந்த அணியைத் தமதாகவே கொண்டாடின. ஒதுக்கப்பட்ட ஒரு சமயத்தினர் நாட்டின் மிகப்பெரிய நகரில் ஆண்டுதோறும் தலைநிமிர்ந்து கூடுவதற்கு இவ்வாட்டம் வழிசெய்தது.

சிகாகோ: வருவாயும் தகுதியும்

இவை பணத்துக்காக நடந்தவையே என்று மறுப்போர் உண்டு. பணம் முக்கியமான காரணமே. கல்லூரியின் பழைய கார்டியர் திடல் பெருங்கூட்டத்தைத் தாங்காது. 1927இல் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் தென் கலிஃபோர்னியா அணியை 7-6 என்று வென்ற ஆட்டத்துக்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். புதிய அரங்கம் எழுந்துகொண்டிருந்த 1929இல் தன் திடலில் ஓர் ஆட்டமும் இன்றி, ஒன்பதையும் வெளியிலேயே ஆடி வென்றது அணி. ஆனால் வருவாய் மட்டுமே நோக்கமெனில், 1930இல் அரங்கம் திறந்ததும் பெருநகர ஆட்டங்கள் நின்றிருக்க வேண்டும். அவை நிற்கவில்லை.

நியூயார்க் ஆட்டமே இதற்குச் சான்று. 1946 நவம்பர் 9 அன்று தரவரிசையில் முதலிடத்திலிருந்த ராணுவ அணியும் இரண்டாமிடத்து நோட்டர் டேமும் யாங்கி ஸ்டேடியத்தில் மோதி 0-0 எனச் சமன் செய்தன. ராணுவ அணியின் டாக் பிளான்சர்டைத் தனியாளாக மடக்கி வீழ்த்தினார் ஜானி லூஜாக். பருவ முடிவில் தேசியப் பட்டம் நோட்டர் டேமுக்குக் கிடைத்தது. எந்தப் பவுலும் அந்த ஆண்டின் மதிப்பைக் கூட்டவோ குறைக்கவோ தேவைப்படவில்லை.

பிற்காலத் தொடர்ச்சி

1979இல் டோக்கியோவில் மயாமியையும், 1996இல் டப்ளினில் கடற்படைக் கல்லூரியையும் நோட்டர் டேம் வென்றது. 2009இல் தொடங்கிய ‘ஷாம்ராக் தொடர்’ தன் உள்ளூர் ஆட்டங்களில் ஒன்றை வெளிநகரில் நடத்தும் ஏற்பாடு. ஆனால் இவற்றின் பணி வேறு. தொலைக்காட்சி ஏற்கெனவே வீடுதோறும் சேர்த்துவிட்ட அணி இது. புதிய ரசிகர்களை ஈட்டுவதைவிட, ஈட்டிய புகழை நினைவூட்டுவதே இவ்வாட்டங்களால் நடக்கிறது. இரு காலத்தையும் ஒரே பட்டியலில் அடக்குவது வரலாற்றுப் பிழை.

முடிவுரை

நோட்டர் டேம் உரிமை கொண்டாடும் 11 தேசியப் பட்டங்களில் ஏழு (1929, 1930, 1943, 1946, 1947, 1949, 1966) பவுல் ஆட்டமே ஆடாத ஆண்டுகளுக்கு உரியவை. பவுல் என்பது பிறர் தரும் அழைப்பு. சிறப்பாட்டமோ யார் முன் ஆடுவது என்று கல்லூரியே எடுக்கும் முடிவு. ஆகவே ஒரு கல்லூரி தன்னை யாருக்கு உரியதாகக் கருதியது என்பதற்குச் சிறப்பாட்டங்களே வலுவான சான்று. கல்லூரிக் கால்பந்தின் வரலாற்றை எழுதுவோர் இவற்றைப் பின்னிணைப்பிலிருந்து எடுத்துத் தனி இயலாக்க வேண்டும்.