குரலோடு கூடவந்த தாள்

ஆங்கிலம் கற்றுத்தரும் பாட்காஸ்டுகளின் கதையை 2005இலிருந்து தொடங்குவது வழக்கம். அந்த ஆண்டு ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸில் பாட்காஸ்டுகளைச் சேர்த்தது. அமெரிக்காவில் ஜெஃப் மெக்வில்லனும் லூசி ட்சேயும் ‘இஎஸ்எல் பாட்’ நிகழ்ச்சியைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கருவிக்கு இந்தக் கணக்கு பொருந்தும், கற்பிக்கும் முறைக்குப் பொருந்தாது. இஎஸ்எல் பாடில் அப்போது ஒலிப்பதிவு இலவசமாக இருந்தது. பேசியதன் எழுத்து வடிவமும் சொல்விளக்கமும் அடங்கிய கையேட்டுக்குத்தான் சந்தா. குரலைச் சும்மா கொடுத்துவிட்டுத் தாளுக்குக் காசு வாங்கியதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது. ஒலிவழியே ஆங்கிலம் போன இடங்களிலெல்லாம் எழுத்தும் பெரும்பாலும் பின்னாலேயே போயிருக்கிறது. பேசுகிறவர் சொல்லுக்குச் சொல் இடம் விட்டுப் பேசுவதில்லை. போதாக்குறைக்கு, ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத உயிரொலிகள் தேய்ந்து காணாமல் போகின்றன. எங்கே ஒரு சொல் முடிந்தது என்பதே கேட்பவருக்குப் பிடிபடாதபோது அகராதியில் எதைத் தேடுவது? 1901இல் லண்டனில் தொடங்கிய லிங்குவாஃபோன் என்ற மொழிப்பாட நிறுவனம், இசைத்தட்டுகளோடு பாடநூலையும் சேர்த்தே விற்றது இதனால்தான்.

இதற்கு நல்ல சான்று ஜப்பான். அங்கே வானொலி தொடங்கிய 1925இலேயே ஒகாகுரா யோஷிசபுரோ ஆங்கில வகுப்பு நடத்தத் தொடங்கிவிட்டார். போர்க்காலத்தில் ‘எதிரியின் மொழி’ ஆகிவிட்ட ஆங்கிலம், 1946 பிப்ரவரி 1 அன்று ஹிராகாவா தடாயிச்சியின் குரலில் திரும்பி வந்தது. முந்தைய ஆகஸ்டில், பேரரசரின் சரணடைவு அறிவிப்பை வெளிநாட்டு ஒலிபரப்பில் ஆங்கிலத்தில் வாசித்தவரும் அவரேதான். ஜப்பானியக் குழந்தைப் பாடல் ஒன்றின் மெட்டில் ஆங்கில வரிகளைப் போட்டு, கால் மணி நேரம் வீட்டுப் பேச்சு பேசிக்காட்டும் அந்த ‘கம் கம் இங்கிலிஷ்’ நாட்டையே கவர்ந்தது. அதைத் தூக்கி நிறுத்தியது பாட்டும் ஹிராகாவாவின் கலகலப்பும்தான், பாடநூல் அல்ல என்று ஒருவர் வாதிடலாம். வானொலிக்கு முன் ஆளை உட்கார வைத்தது பாட்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் காகிதம் கிடைப்பதே அரிதாக இருந்த அந்த நாட்களிலும் நிகழ்ச்சிக்கெனத் தனிப் பாடநூல் அச்சிட்டார்கள். மக்கள் தேடி வாங்கினார்கள். ஜப்பானியப் புத்தகக் கடைகளில், அந்நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் வானொலிப் பாடநூல்கள் இன்றைக்கும் மாதாமாதம் வருகின்றன.

இதைவிட வலுவான மறுப்பு வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியிடமிருந்து வரும். 1959 அக்டோபர் 19இல் தொடங்கிய அதன் ‘ஸ்பெஷல் இங்கிலிஷ்’ செய்திகளைச் சிற்றலையில் கேட்ட எத்தனையோ பேரிடம் எந்தத் தாளும் இருந்திருக்காது. உண்மைதான். ஆனால் அதற்காக அந்த நிலையம் எவ்வளவு விட்டுக்கொடுத்தது என்று பாருங்கள்: ஏறத்தாழ 1,500 சொற்கள், குட்டி வாக்கியங்கள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சொற்களுக்கு நடுவே எழுத்து காட்டும் இடைவெளியை வாசிப்பவர் வாயாலேயே காட்டினார். தாளின் வேலையை வேகக்குறைப்பு செய்தது என்றுதான் இதைப் படிக்க வேண்டும். அந்த நிதானத்தில் கேட்டுப் பழகியவருக்கு நியூயார்க் வீதிப் பேச்சு வேறு மொழியாகவே ஒலிக்கும் என்பது தனிக் கதை.

குழந்தை தாய்மொழியை எந்தப் புத்தகத்தை வைத்துக் கற்கிறது என்ற கேள்வியும் உண்டு. குழந்தைக்கு எதிரில் ஒரு ஆள் இருக்கிறார். புரியாவிட்டால் முகம் பார்த்துத் திரும்பச் சொல்கிறார், பொருளைத் தொட்டுக் காட்டுகிறார். பதிவு செய்த குரல் அப்படிச் செய்யாது; அந்த இடத்தைத் தாள்தான் நிரப்புகிறது. வங்கதேசத்தில் 2009இல் வந்த ‘பிபிசி ஜானாலா’வைப் பாருங்கள். கைப்பேசியில் 3000 என்ற எண்ணை அழைத்தவர்களுக்கு மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் கிடைத்தது. எழுத்தே தேவைப்படாத ஏற்பாடு போலத்தான் தோன்றுகிறது. ஆனால் அதன் பாடங்கள் ‘புரோதோம் ஆலோ’ நாளிதழிலும் அச்சாகி வந்தன.

2024 மார்ச் முதல் ஆப்பிளின் பாட்காஸ்ட் செயலி ஆங்கில நிகழ்ச்சிகளுக்குத் தானாகவே எழுத்து வடிவம் தருகிறது. இஎஸ்எல் பாட் சந்தா வாங்கிக்கொண்டு தந்ததில் ஒரு பாதி இப்போது இலவசம். சொல்விளக்கம் என்ற மறுபாதியை அந்தச் செயலி தருவதில்லை; அதை இன்னும் ஆசிரியர் உட்கார்ந்துதான் எழுத வேண்டியிருக்கிறது.